கலைக்கான அரச நிதி: எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுபோகிறது?

ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் வடக்கு, கிழக்கில் எந்தப் பிரதேச செயலகத்தின் பக்கம் போனாலும் ஒரு பண்பாட்டுப் பெருவிழாவையோ கலை இலக்கிய விழாவையோ காணலாம். விருந்தினர்கள் வரவேற்கப்படுவார்கள், மங்கல விளக்கேற்றப்படும், மலர் வெளியிடப்படும், மூத்த கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்படும். இடையில் ஒரு கூத்துக் குழுவுக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். விடியும் வரை ஆட வேண்டிய கூத்தில் ஒரு வரவும் ஒரு தர்க்கமும் ஆடிக் காட்டிவிட்டு அந்தக் குழு மேடையை விட்டு இறங்கும். அடுத்த நாள் புகைப்படங்கள் முகநூலில் வரும்.

விழா எடுப்பது தவறில்லை. பல ஊர்களில் கலைஞர்கள் ஒன்றுகூடும் ஒரே நாள் அதுதான். ஆனால் அரசாங்கம் கலைக்கென்று செலவழிக்கும் பணம் நமது ஊர்களை வந்தடையும்போது பெரும்பாலும் இந்த ஒரு நாளின் வடிவத்தையே எடுக்கிறது. அது ஏன் என்று புரிந்துகொள்ள, பணம் வரும் வழியை முதலில் பார்க்க வேண்டும்.

பணம் வரும் வழிகள்

ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒவ்வொரு திணைக்களத்துக்கும் ஒரு செலவினத் தலைப்பு இலக்கம் உண்டு. கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் இலக்கம் 206. இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களம் 204. முஸ்லிம் சமய, பண்பாட்டலுவல்கள் திணைக்களம் 202. பௌத்த அலுவல்கள் 201, கிறிஸ்தவ அலுவல்கள் 203. தொல்பொருளியல் திணைக்களம் 207, தேசிய அரும்பொருட் காட்சியகங்கள் 208. இந்த இலக்கங்கள் தெரிந்தால், வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டு ஆவணத்தில் எந்தத் திணைக்களத்துக்கு எவ்வளவு என்பதை எவரும் தேடிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு தலைப்பின் கீழும் பணம் இரண்டாகப் பிரியும். சம்பளம், பயணப்படி, மின்சாரம், பராமரிப்பு போன்றவை மீண்டெழும் செலவு. கட்டடம், திருத்த வேலை, உபகரணக் கொள்வனவு போன்றவை மூலதனச் செலவு. அரச திணைக்களங்களில் மீண்டெழும் செலவின் பெரும்பகுதியைச் சம்பளமே எடுத்துக்கொள்ளும். கலைஞர் கையில் சேரும் பணம் இவற்றுக்கு நடுவே எஞ்சும் சிறிய பங்கிலிருந்துதான் வருகிறது. விழாக்கள், போட்டிகள், விருதுகள், நூல் கொள்வனவு, கலை மன்றங்களுக்கான உதவிகள் எல்லாம் அந்தப் பங்குக்குள் அடங்க வேண்டும்.

கொழும்பிலிருந்து வரும் இந்தப் பணம் மாவட்டச் செயலகம் வழியாகப் பிரதேச செயலகத்தில் உள்ள கலாசார உத்தியோகத்தரிடம் வந்து சேருகிறது. நமது ஊர்க் கலைஞருக்குத் தெரிந்த அரசாங்கம் பெரும்பாலும் இந்த ஒரு உத்தியோகத்தர்தான்.

இரண்டாவது வழி மாகாண சபை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி நாடகம், இசை, கேளிக்கை போன்றவை மாகாணப் பட்டியலில் உள்ளன. ஆனால் திரைப்படங்களுக்கும் பொது அரங்காற்றுகைகளுக்கும் அனுமதி வழங்கும் அதிகாரம் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படாமல் மத்தியிடமே விடப்பட்டது. வடக்கில் மாகாணக் கல்வி அமைச்சின் கீழுள்ள பண்பாட்டலுவல்கள் அலகும், கிழக்கில் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் விழாக்கள், இளங்கலைஞர் விருதுகள், நூற்பரிசுகள் என்பவற்றை நடத்துகின்றன. இவற்றுக்கான பணமும் பெரும்பாலும் மத்திய அரசு மாகாணங்களுக்குத் தரும் மானியத்திலிருந்தே வருகிறது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரிலும், வடக்கின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன் பின்னர், மாகாணத்தின் கலைச் செலவைக் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் ஆண்டுகள் கடந்தன. ஆளுநரும் அதிகாரிகளும் முடிவெடுத்தார்கள்.

மூன்றாவது வழி நியதிச் சபைகளும் நிதியங்களும். 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்திய கலாசார நிதியம் இவற்றில் பெரியது. அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட கலாசார முக்கோணமே அதன் முதல் வேலைத்திட்டம். சுற்றுலாப் பயணிகளின் நுழைவுச்சீட்டு வருமானமும் அதற்கு உண்டு. வரைபடத்தில் அந்த முக்கோணத்தை வரைந்து பார்த்தால் வடக்கும் கிழக்குக் கரையும் அதற்கு வெளியே நிற்பதைக் காணலாம்.

யார் தீர்மானிப்பது?

இலங்கைக் கலைக்கழகம் 1952ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1946இல் பிரித்தானியாவில் கலைக் கழகம் தொடங்கியபோது ஒரு கொள்கை முன்வைக்கப்பட்டது. பணத்தை அரசு கொடுக்கும், யாருக்கு என்பதை அரசியல்வாதிகள் அல்லாத ஒரு சபை தீர்மானிக்கும் என்பதே அது. இலங்கையில் சபை வந்தது, ஆனால் அந்த இடைவெளி வரவில்லை. உறுப்பினர்களை அமைச்சர் நியமிப்பார். 1956இல் கலாசாரத்துக்கென்று தனி அமைச்சு உருவானதும், கலையைப் பேணுவது அரசாங்கத்தின் மொழி, சமயக் கொள்கையோடு பின்னிப்பிணைந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

அப்படியிருந்தும் அதே கலைக்கழகத்துக்குள் நமக்குப் பயன்பட்ட ஒரு காலம் இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது ஊர் ஊராகக் கூத்துக்கள் தேடிப் பார்க்கப்பட்டன, அண்ணாவிமார் மதிக்கப்பட்டார்கள், கைப்பிரதியாக இருந்த கூத்துக்கள் சில அச்சேறின. படித்தவர்கள் தாழ்வாகப் பார்த்த ஒரு கலை, கர்ணன் போர், இராவணேசன் போன்ற தயாரிப்புகளாகப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். கலையை அறிந்த ஒருவர், என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவோடு முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார். பணம் அதிகம் இருந்ததால் நடந்த வேலை அல்ல அது.

இன்று ஒரு பிரதேசத்துக்கான விழாத் தொகையை என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போது அந்த ஊர் அண்ணாவியாரிடம் யாராவது கேட்கிறார்களா? பிரதேச கலாசாரப் பேரவைகள் இதற்காகத்தான் உள்ளன. அவை பல இடங்களில் விழாக் குழுவாக மட்டும் சுருங்கிவிட்டன.

நிதியாண்டும் கூத்தாண்டும்

அரசின் நிதியாண்டு ஜனவரி 1 தொடங்கி டிசெம்பர் 31 முடிகிறது. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் செலவழியாதது அத்துடன் காலாவதியாகிவிடும். ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டு, சுற்றறிக்கை வந்து, மாவட்டத்துக்குப் பகிர்ந்து, பிரதேச செயலகத்துக்கு வந்து சேர ஆண்டின் பெரும்பகுதி கழிந்துவிடும். பிறகு இருக்கும் சில வாரங்களுக்குள் செலவழித்து, பற்றுச்சீட்டுச் சேர்த்து, கணக்கு முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் செய்யக்கூடிய ஒரே கலைப் பணி ஒருநாள் விழாதான். கொட்டகை, ஒலிபெருக்கி, சாப்பாடு, நினைவுச்சின்னம் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு எடுக்கலாம். ஆறு மாதம் இரவு இரவாகப் பழக்கிய ஓர் அண்ணாவியாரின் உழைப்புக்கு யார் பற்றுச்சீட்டுத் தருவது?

கூத்தின் ஆண்டு வேறு. மட்டக்களப்பில் பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த பிறகுதான் ஊரில் ஆட்களுக்கு நேரமும் கையில் கொஞ்சம் காசும் இருக்கும். சட்டம் கொடுத்து, ஆட்டம் பழக்கி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, கடைசியில் வட்டக்களரியில் அரங்கேற்றம் நடக்கும். முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் மன்னாரின் கத்தோலிக்கக் கூத்துகளும் வாசாப்புகளும் கோயில் திருவிழாக்களோடும் நேர்த்திகளோடும் பிணைந்தவை. மலையகத்தின் காமன் கூத்து மாசி மாதத்துக்குரியது. இவற்றுக்குப் பணம் தேவைப்படுவது பெரும்பாலும் ஆண்டின் முதற் பாதியில். அரசின் பணம் வருவதோ ஒக்டோபருக்குப் பின், வடகீழ்ப் பருவமழை கொட்டும் நாட்களில், விதைப்பும் வெள்ளமும் சேர்ந்து வரும் காலத்தில்.

இந்த இரண்டு ஆண்டுகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. அதனால் மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் பதினைந்து நிமிடத் துண்டாகக் கூத்து ஆடப்படுகிறது. ஒரு தலைமுறை அந்தப் பதினைந்து நிமிடத்தையே கூத்து என்று பார்த்து வளர்ந்தால், விடிய விடிய ஆடும் கூத்துக்கு ஆட்களும் இருக்கமாட்டார்கள், பார்ப்பவர்களும் இருக்கமாட்டார்கள்.

அரங்கேற்றத்துக்கு முந்திய செலவை இன்றும் ஊரே சுமக்கிறது. மத்தளத்துக்குத் தோல் மாற்றுவது, முடியும் உடுப்பும் செய்வது, பழகும் இரவுகளில் தேநீர், கடைசி நாள் களரி என எல்லாம் வீட்டுக்கு வீடு சேர்த்த பணத்தில் நடப்பவை. போருக்குப் பின் கடனில் அமிழ்ந்த ஊர்களால், அதிலும் 2022 பொருளாதார நெருக்கடியில் மேலும் நொடிந்துபோன குடும்பங்களால், இதை எத்தனை காலம் சுமக்க முடியும்?

காகிதம் இல்லாத கலைஞர்

அரச உதவி பெறக் கலை மன்றம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். யாப்பு, நிர்வாகக் குழு, கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். கலாபூஷணம் போன்ற விருதுக்கு மூத்த கலைஞர் ஒருவர் விண்ணப்பிக்கும்போது தமது பங்களிப்பை ஆவணங்களால் காட்ட வேண்டும். சான்றிதழ், பத்திரிகை நறுக்கு, அழைப்பிதழ், புகைப்படம் போன்றவையே அந்த ஆவணங்கள்.

கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் ஒருவருக்கு இது சாதாரண நிபந்தனை. 2008இல் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலைக் கடந்து, வெறுங்கையோடு செட்டிகுளம் முகாமுக்குள் போனவரிடம் எந்த அழைப்பிதழ் இருக்கும்? கூத்துக் கொப்பிகள் பதுங்கு குழிகளில் போயின. மத்தளங்கள் வீடுகளோடு எரிந்தன. மனப்பாடமாக வைத்திருந்த அண்ணாவிமார் சிலர் அந்தப் பாதையிலேயே இறந்தார்கள். தப்பியவர் தலையில் ஒரு கூத்து முழுவதும் இருக்கலாம். படிவம் அதைப் பார்ப்பதில்லை.

போர்க்காலத்தில் நடந்த கலைப்பணியின் பெரும்பகுதிக்கு அரச ஆவணம் எதுவுமே இல்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறியபோது அது எந்தத் திணைக்களத்தின் விழாவுக்காகவும் செய்யப்பட்டதல்ல. மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அந்த ஊர் மக்களும் சேர்ந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கமும் ஊரின் உரையாடலிலிருந்தே வளர்ந்தது. நமது கலையின் உயிர்ப்பான பகுதிகள் பல அரச பதிவேட்டுக்கு வெளியே இருக்கின்றன. பதிவேட்டை மட்டும் பார்த்துப் பணம் பிரித்தால் அவை என்றைக்கும் வெளியேதான் நிற்கும்.

இதற்குப் பரிகாரம் கடினமானதல்ல. இடம்பெயர்வில் ஆவணம் இழந்தவர்களுக்கு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் ஊரவர் சிலரின் சத்தியக் கடதாசியையும் சான்றாக ஏற்கலாம். பிறப்புச் சான்றிதழ் இழந்தவர்களுக்கும் காணி உறுதி இழந்தவர்களுக்கும் அரசு மாற்று வழிகளை ஏற்றிருக்கிறது. கலைஞருக்கும் அதைக் கேட்கலாம்.

கட்டடம் எழும்பிய பிறகு

கலைக்குப் பெரிய தொகை செலவாவது கட்டடம் கட்டும்போதுதான். யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்துக்கு அருகே எழுந்துள்ள கலாசார மையம் இந்தியாவின் சுமார் 11 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடையில் கட்டப்பட்டது. 600 பேர் அமரும் அரங்கமும் பதினொரு மாடிக் கோபுரமும் அதில் உண்டு. 2023 பெப்ரவரி 11ஆம் திகதி அது மக்களிடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன்பே எழுந்த கேள்வி, இதை யார் பராமரிப்பது என்பதுதான். மின்கட்டணம், குளிரூட்டி, ஊழியர் சம்பளம் ஆகியவற்றை மாநகர சபையால் தனியே தாங்க முடியாது என்றானபோது, மத்திய அரசின் கை அதற்குள் வந்தது. 2025 ஜனவரியில் மையத்துக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது யாழ்ப்பாணத்தின் பெயர் அதில் இல்லை என்று எதிர்ப்பு எழுந்தது. பின்னர் ஊரின் பெயர் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

கட்டுவதற்கான பணம் ஒருமுறை வரும், நடத்துவதற்கான பணம் ஒவ்வொரு மாதமும் வேண்டும். மாதாமாதம் பணம் தருபவரே கதவின் திறப்பையும் வைத்திருப்பார். அரங்கின் வாடகை ஒரு கிராமியக் குழுவுக்குக் கட்டுப்படியாகுமா என்பதும், என்ன நாடகம் போடலாம் என்பதும் அந்தத் திறப்போடு சேர்ந்தவை.

வாங்கலாமா?

நமது மக்களில் பலர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்த அரசிடம் கலைக்குப் பணம் வாங்குவதே சரியா?

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனையிறவிலும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வெற்றிச் சின்னங்களைக் கட்டுவதற்கு அரசிடம் பணம் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. எதிர்ப்பின் பின் அது மீண்டும் கட்டப்பட்டது. 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, பாதுகாப்புச் செயலாளர் அதற்குத் தலைமை தாங்கினார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. நாடகப் பிரதிகளை மேடைக்கு முன் பரிசீலித்து அனுமதிக்கும் முறை 1912ஆம் ஆண்டின் காலனித்துவக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடர்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர் ஒருவரின் தாயைப் பற்றி நாடகம் எழுதுபவர், அரச விழாவுக்கென்றால் எழுதும்போதே சில வரிகளைத் தானாக விட்டுவிடுவார். யாரும் வெட்டத் தேவையில்லை.

ஆனாலும் இது அரசாங்கத்தின் சொந்தப் பணமல்ல. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். வரிக்குட்பட்ட ஒரு பொருளைக் கடையில் வாங்கும்போது முல்லைத்தீவின் மீனவக் குடும்பமும் அந்த வரியைக் கட்டுகிறது. அதில் ஒரு சிறு பங்கு தலைப்பு 206க்கும் போகிறது. நாம் கேட்காமல் விட்டால் அந்தப் பணம் மிச்சமாவதில்லை, வேறு யாரோ தீர்மானித்த வேறொன்றுக்குச் செலவாகிறது. அரச நிதியை வாங்கும் மன்றம் அதை எதற்கு வாங்குவது, எதற்கு வாங்காமல் விடுவது என்று தனக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாம். மத்தளத்துக்கும் பயிற்சிக்கும் கொப்பிகளை அச்சிடுவதற்கும் அரச நிதியைக் கேட்கலாம். நினைவுகூரலையும் தன் ஊரின் கதையைச் சொல்லும் நாடகத்தையும் ஊரின் பணத்திலேயே செய்யலாம். அந்த எல்லையை அதிகாரி போடுவதைவிட நாமே போடுவது நல்லது.

கேட்பது எப்படி?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரதேச செயலகத்திலும் தமிழில் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

நான்கு கேள்விகள் போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தப் பிரதேசத்துக்குக் கலை, கலாசாரச் செலவுக்காக எவ்வளவு பணம், எந்தத் திகதியில் வந்தது? அதில் விழாவுக்கு எவ்வளவு, பயிற்சிக்கும் கருவிகளுக்கும் எவ்வளவு? உதவி பெற்ற மன்றங்கள் எவை? பிரதேச கலாசாரப் பேரவையின் உறுப்பினர்களை யார் தெரிவு செய்தார்கள்? இரண்டாவது கேள்விக்கான பதிலே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பதில் கையில் இருந்தால் கோரிக்கையையும் தெளிவாக வைக்கலாம். விழாத் தொகையில் ஒரு பங்கை ஆண்டின் முதற் காலாண்டிலேயே விடுவிக்க வேண்டும். பழக்கும் அண்ணாவியாருக்கு மாதக் கொடுப்பனவு வேண்டும். ஆண்டுக்கு ஒரு ஊரிலாவது முழு இரவுக் கூத்துக்கு அந்தப் பணம் போக வேண்டும். பேரவையில் அண்ணாவிமாருக்கும் பெண் கலைஞர்களுக்கும் இடம் வேண்டும். இவற்றில் பலவற்றைச் செய்யப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் திணைக்களங்கள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே தயாரிக்கத் தொடங்கிவிடும் என்பதால், கோரிக்கைக் கடிதம் அதற்கு முன் போய்ச் சேர வேண்டும். நவம்பரில், விழா மேடையில், மாலை போட்ட அமைச்சரிடம் கொடுக்கும் மகஜர் அந்த ஆண்டுக்கும் பிந்தியது, அடுத்த ஆண்டுக்கும் பிந்தியது.

இதற்கு அவசரமும் உண்டு. முழுக் கூத்தையும் பழக்கத் தெரிந்த அண்ணாவிமார் இன்று பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். பொன்னாடைக்கு அவர்களை மேடைக்கு அழைக்கும் ஒவ்வோர் ஆண்டும், அவர்களிடமிருந்து பழகுவதற்கான ஓர் ஆண்டு குறைகிறது.